நிழல் மரம் சாய்க்கும்போது ஆளும் காப்பிச் செடியும் அடிபடாமலிருக்க, வெட்டும் குழுவுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: கீழ்ப்பழனி விவசாயி

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே, எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அராபிகா காப்பியும் மிளகும் முதன்மைப் பயிர்கள். இடையிடையே மலைவாழையும் சில கமலா ஆரஞ்சு மரங்களும் உண்டு. நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏற்றுவதற்காகவும் என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு முன் நட்ட சில்வர் ஓக் மரங்களில் பல இப்போது ஐந்தடிச் சுற்றளவை எட்டிவிட்டன.

சென்ற ஆண்டு உரிய அனுமதி பெற்று, 22 மரங்களை நின்ற நிலையிலேயே ஒரு வியாபாரிக்கு மொத்தமாக விலை பேசிக் கொடுத்தோம். அவர் அனுப்பிய மூவர் இரண்டே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். போன பிறகு எண்ணிப் பார்த்தபோது 70க்கு மேற்பட்ட காப்பிச் செடிகள் முறிந்தும் வேரோடு பெயர்ந்தும் கிடந்தன. வெட்டாமல் விட்ட மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடிகளும் பல இடங்களில் உரிந்து தொங்கின. இவற்றையெல்லாம்விட மனத்தை வருத்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சரிவை நோக்கிச் சாய்ந்து நின்ற ஒரு மரம், பின்பக்கம் பாதிகூட அறுபடுவதற்குள் அடியிலிருந்து ஆளுயரத்துக்கு நெடுக்காகப் பிளந்தது. பிளந்த பின்பாதி பின்னோக்கி உதைத்து, ரம்பம் பிடித்திருந்த இளைஞரின் தோளைத் தாக்கியது. தோள் எலும்பு முறிவோடு அவர் பிழைத்துக்கொண்டார். தலையில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு. அவர் அணிந்திருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

இந்த ஆண்டு எங்கள் ஓடையோரத்துச் சிறு தோட்டக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, வெளியூர்க் குழுவை நம்பாமல், உள்ளூர் ஆட்களிலேயே ஐந்தாறு பேருக்கு மரம் சாய்க்கும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அவர்கள் யாரும் புதியவர்கள் அல்லர். கோடாரியும் மெஷின் ரம்பமும் பல ஆண்டுகளாகப் பிடித்தவர்கள். அதுவே எனக்குத் தயக்கமாகவும் இருக்கிறது, ஏனெனில் இருபது ஆண்டுகளாக ஒரு விதமாக வெட்டியவரிடம் போய் வேறு விதமாக வெட்டுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எதிலிருந்து தொடங்குவது, எதைக் கட்டாயம் கற்றுக்கொடுப்பது, காப்பிச் செடிக்கு வரும் சேதத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கூடலூர் மேற்பார்வையாளர்

அய்யா, கூடலூர்ப் பகுதித் தோட்டங்களில் 24 ஆண்டுகள் மரம் வெட்டும் குழுக்களை மேற்பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்களை அழைத்துப் பேசுவதற்கு முன்னால், சென்ற ஆண்டு வெட்டிய 22 மரங்களின் அடிக்கட்டைகளையும் ஓர் அளவுநாடாவோடு சுற்றிப் பாருங்கள். வெட்டியவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது கட்டையின் முகத்தில் அப்படியே பதிந்திருக்கும். தகுதி பற்றிய உங்கள் தயக்கத்துக்கும் அதுவே வழி. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கட்டையைக் காட்டினால் போதும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். மரத்தை நாம் விரும்பும் திசையில் விழச் செய்வது மூன்று காரியங்கள். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் எடுக்கும் முக்கோண வாய்வெட்டு ஒன்று. அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வரும் பின்வெட்டு இரண்டாவது. இவ்விரண்டுக்கும் நடுவே அறுக்காமல் விட்டுவைக்கும் மரக்கீற்று மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் நான் ஆட்களிடம் கீல் என்று சொல்வேன், ஏனெனில் கதவு கீலில் திரும்புவதைப் போல மரம் அதில் திரும்பித்தான் கீழே இறங்குகிறது. கீல் ஒரே தடிமனில் இருந்தால் மரம் நேராக இறங்கும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் தடித்த பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கீலே இல்லாமல் முழுக்க அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்பதை மரம்தான் தீர்மானிக்கும்.

உங்கள் மரங்களுக்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்தடிச் சுற்றளவு என்றால் ஏறத்தாழ 152 செ.மீ.; அதை 3.14 ஆல் வகுத்தால் குறுக்களவு 48 செ.மீ. வாய்வெட்டின் ஆழம் குறுக்களவில் கால்பங்கு, அதாவது 12 செ.மீ. கீலின் தடிமன் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 செ.மீ. ஆகவே பின்வெட்டு 31 செ.மீ. உள்ளே போனதும் நின்றுவிட வேண்டும். பின்வெட்டு வாய்வெட்டின் தரைமட்டத்தைவிட இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். அப்படி விட்ட படிதான் அடிமரம் பின்னோக்கி நழுவிவராமல் தடுக்கும். வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும் என்பதை நம் ஆட்கள் பெரும்பாலும் அலட்சியம் செய்கிறார்கள். 45 பாகைக்குக் குறைவாக எடுத்தால் மரம் பாதி சாய்வதற்குள்ளேயே வாய் மூடிக்கொள்ளும், மூடியவுடன் கீல் முறியும், அதற்குப் பிறகு மரம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. 70 பாகைக்குத் திறந்தால் ஏறக்குறையத் தரையைத் தொடும் வரை கீல் பிடித்திருக்கும். வாய்வெட்டின் மேல்கோடும் கீழ்க்கோடும் ஒரே கோட்டில் வந்து சேர வேண்டும்; ஒன்று மற்றதைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டால் அந்த அளவுக்குக் கீல் முன்கூட்டியே அறுபட்டுவிட்டது என்று பொருள்.

உங்கள் தோட்டத்தில் மரம் பிளந்த காரணமும் இதில் அடங்கும். முன்பக்கம் சாய்ந்த மரத்தில் பின்பக்க நார்கள் முறுக்கேறிய கயிறு போல இழுபட்டு நிற்கும். வாய்வெட்டை மேலோட்டமாக எடுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து மெல்ல அறுத்து வந்தால், இன்னும் தடித்த மரம் மீதி இருக்கும்போதே மேற்பாரம் முன்னால் இழுக்கத் தொடங்கும். வளைய முடியாத தண்டு நெடுக்காகப் பிளக்கும். சாய்ந்த மரத்துக்குச் செய்ய வேண்டியது வேறு. வாய்வெட்டு எடுத்த பிறகு, கீலுக்குப் பின்னால் பக்கவாட்டில் ரம்பத்தின் பாரை, அதாவது செயின் சுற்றியோடும் நீண்ட தகட்டை, உள்ளே குத்திச் செலுத்தி, கீலை முதலில் அளவாக அமைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அறுத்துக்கொண்டே போய், பின்விளிம்பில் ஒரு மரக்கீற்றை மட்டும் பிடிப்புக்கு விட வேண்டும். ஆட்கள் எல்லாரும் விலகியதை உறுதிசெய்த பிறகு அந்தக் கீற்றை வெளியிலிருந்து அறுத்தால், மரம் ஒரே மூச்சில் பிளவில்லாமல் இறங்கும்.

ஒதுங்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். மரம் விழும் திசைக்கு நேர் பின்னாலும் நிற்கக் கூடாது, பக்கவாட்டிலும் நிற்கக் கூடாது. பின்பக்க மூலைவாட்டில், இரு புறமும் 45 பாகையில், வெட்டத் தொடங்குமுன்பே கொடியும் கல்லும் அகற்றி வழி செய்துவைக்க வேண்டும். மரம் அசைந்ததும் ரம்பத்தைக் கீழே போட்டாவது அந்த வழியில் விலக வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும்.

மறுமொழி 2: ஏற்காட்டுத் தோட்டக்காரர்

வணக்கம் அண்ணா. ஏற்காட்டில் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பி இருக்கிறது. அப்பா காலமான பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாக நானே பார்த்துக்கொள்கிறேன். கூடலூர் அய்யா எழுதிய வெட்டுமுறையில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் 70 செடிகள் முறிந்ததற்குக் காரணம் ஆட்களுக்கு வெட்டத் தெரியாதது மட்டும்தான் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு நாளில் 22 மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்குப் பதினொரு மரம். ஏணி சாத்தி ஏறி, கொப்பு கழித்து, உச்சியில் கயிறு கட்டி இறங்குவதற்கே ஒரு மரத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே அவர்கள் ஒரு மரத்திலும் கொப்பு கழிக்கவில்லை; கிளையோடு அப்படியே தள்ளியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கழிக்கத் தெரியாது என்பதில்லை. கன அடிக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு, நம் காப்பிச் செடியைக் காப்பாற்றச் செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சொந்த நட்டம்.

எனவே பயிற்சிக்கு முன் ஒப்பந்தத்தை மாற்றுங்கள். நான் நின்ற மரமாக விற்பதை விட்டுவிட்டேன். ஆட்களை நானே நாள் கூலிக்கு அமர்த்தி, மரத்தை வெட்டித் துண்டுபோட்டுச் சாலையோரம் கொண்டுவந்து அடுக்கிய பிறகு, அளந்து விலை பேசுகிறேன். வியாபாரிக்கும் இதில் குறையில்லை, பிளவும் முறிவும் இல்லாத கட்டை கிடைக்கிறது. ஆட்களுக்கு முன்னைவிடக் கூலி சற்றுக் கூடுதலாகவே கொடுக்கிறேன். முறிந்த ஓர் அராபிகாச் செடி மறுபடி காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகளாவது ஆகும் என்பதை வைத்துக் கணக்குப் பார்த்தால் அந்தக் கூடுதல் கூலி மிகச் சிறியது. நின்ற மரமாகத்தான் விற்க வேண்டிய நிலை இருந்தால், முறியும் செடி ஒன்றுக்கு இவ்வளவு கழித்துக்கொள்ளப்படும் என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்குங்கள். வேலை தொடங்கும் முதல் நாள் காலையில் இரு தரப்பும் சேர்ந்து செடிகளை எண்ணிவிடுங்கள்.

விழும் திசையை வெட்டுபவர் அந்த நேரத்தில் தீர்மானிக்க விடக் கூடாது. நானும் என் மகளும் ஒரு வாரம் முன்பே சுண்ணாம்புக் கரைசலும் தூரிகையுமாகத் தோட்டத்தைச் சுற்றி, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் விழ வேண்டிய பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போடுவோம். எந்தப் பக்கம் விழுந்தாலும் சில செடிகள் போகத்தான் போகும் என்பதால், எப்படியும் அடியோடு கவாத்து செய்ய வேண்டிய கிழச் செடிகள் உள்ள வரிசையாகப் பார்த்து அம்பைத் திருப்புவோம். அந்தச் செடிகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சாய்வாக முன்கூட்டியே அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) தடவிவிட்டால், மரம் அவற்றின் மேல் விழுந்தாலும் பெரும்பாலானவை பக்கவாட்டில் துளிர்த்துவிடுகின்றன. சென்ற முறை 14 மரம் சாய்த்தோம். கவாத்துக்குக் குறித்த செடிகளைத் தவிர வேறு ஆறு செடிகள்தான் முறிந்தன.

மரம் எவ்வளவு தூரம் போய் விழும் என்று கண்டுபிடிக்க மகள் ஒரு வழி வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடத்துக் கணக்கு. கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து பிடிவரை உள்ள தூரத்துக்குச் சமமாக ஒரு குச்சியைப் பிடிக்கு மேலே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மரத்தின் அடி பிடியோடும் உச்சி குச்சியின் நுனியோடும் பொருந்தும் வரை பின்னால் நடப்பாள். பொருந்திய இடத்தில் நின்றால், அங்கிருந்து மரம் வரை உள்ள தூரமே ஏறத்தாழ மரத்தின் உயரம். சரிவில் மேலேயோ கீழேயோ நடக்காமல் ஒரே மட்டத்தில் நடக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, காப்பிப் பழம் பறித்து முடிந்த பிறகு, காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழைக்கு முன்னால் வெட்டிவிடுவது நல்லது. மிளகு ஏறிய மரங்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்துவராது, ஏனெனில் மிளகுப் பறிப்பு சற்றுப் பிந்தி முடியும். ஆகவே கொடி இல்லாத மரங்களை முதலில் எடுங்கள். கொடி ஏறிய மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்றால், அடியில் படரும் ஓடுகொடிகளை முன்பே எடுத்து நாற்றுப் போட்டுவிடலாம். இன்னொரு சிறு செய்தி: உங்கள் ஆட்கள் அனைவருக்கும் வங்கிக் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், ஆண்டுக்கு 20 ரூபாய்தான்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற வனவியல் ஆசிரியர்

நண்பரே, முதல் இரண்டு மறுமொழிகளும் பயனுள்ளவை. பயிற்சியின் வரிசையைப் பற்றி மட்டும் கூடலூர் நண்பரிடமிருந்து ஓரிடத்தில் விலகிச் சொல்ல விரும்புகிறேன்.

பாரைக் குத்திச் செலுத்தும் வெட்டு சரியானதே, சாய்ந்த மரத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான வேறு முறையும் இல்லை. ஆனால் பார் நுனியின் மேல் கால்பகுதி மரத்தில் படும்போதுதான் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறுகிறது. நுனியை மரத்துக்குள் செலுத்துவதையே வேலையாகக் கொண்ட ஒரு வெட்டை முதல் நாள் பயிற்சியில் வைப்பது, நீச்சல் பழக வந்தவரை ஆழத்தில் இறக்குவதற்கு ஒப்பாகும். அவர்கள் பழைய ஆட்கள் என்பது இந்த ஆபத்தைக் குறைப்பதில்லை. பழைய கைப்பழக்கம்தான் பெரும்பாலும் இடது கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி வளைக்காமல் மேலே விட்டுவைக்கிறது. முதல் ஆண்டு நேராக நிற்கும் மரங்களை மட்டும் அவர்கள் வெட்டட்டும். முன்சாய்ந்த மரங்களுக்கு ஒரு சிவப்புக் குறி போட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் நாள் எந்த மரத்தையும் வெட்டாதீர்கள். காலையில் ரம்பத்தைப் பிரித்துச் செயின் பிரேக் (செயினை உடனே நிறுத்தும் தடுப்பு) வேலை செய்கிறதா என்று ஒவ்வொருவரும் சோதிக்கட்டும், அரத்தால் பல்லைத் தீட்டட்டும். மழுங்கிய செயினை அழுத்திப் பிடித்து அறுப்பவருக்கு மாலை மூன்று மணிக்குக் கை நடுங்கத் தொடங்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பிறகு தடித்த கட்டைகளை மண்ணில் ஆழமாக நட்டு, அவற்றில் வாய்வெட்டும் பின்வெட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கட்டைக்குக் கிளையும் இல்லை, பாரமும் இல்லை. தவறினால் ஒரு முழ விறகுதான் நட்டம். ஒவ்வொருவரும் ஐந்து கட்டைகளில் கீலை அளவாக விட்ட பிறகே நின்ற மரத்துக்குப் போக வேண்டும்.

நின்ற மரத்தில் முதல் வெட்டுக்குமுன், அம்பு காட்டும் திசையில் உயரத்தில் முக்கால்பங்கு தூரத்தில் ஒரு முளைக்குச்சியை அடித்துவைத்து, தண்டு அதன் மேல் விழ வேண்டும் என்று சொல்லுங்கள். சொற்பொழிவைவிட இந்தக் குச்சிக்குக் கட்டுப்படுவார்கள். யாருடைய மரம் குச்சியிலிருந்து எத்தனை அடி விலகியது என்று பேசத் தொடங்கினார்கள் என்றால், அடுத்த மரத்தில் யாரும் சொல்லாமலேயே கீலை அளப்பார்கள். வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் பிறகு எல்லாரும் அடிக்கட்டையைச் சூழ்ந்து நின்று பார்க்க வேண்டும். மற்றவர்களின் கண் முன்னால் தன் கீலைத் தானே அளந்து சொல்வதைவிட வலிமையான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தகைய பயிற்சிக்கு உலகெங்கும் பொதுவான ஓர் அடிப்படை உருவாகியிருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1996இல் மரம் அறுவடைக்கான மாதிரி நெறிமுறையை வெளியிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998இல் வனத்தொழிலில் பாதுகாப்புக்கான நெறிமுறையை வெளியிட்டது. பிரேசிலின் பாரா மாநிலத்தில், பரகோமினாஸ் பகுதிக் காடுகளில், திட்டமிட்டு வெட்டிய இடங்களையும் வழக்கம்போல் வெட்டிய இடங்களையும் 1990களில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே திட்டமிடுதல் என்பதில் ஒரு முக்கியப் பகுதி, வெட்டுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மரங்களைப் பிணைத்திருக்கும் கொடிகளை அறுத்துவிடுவது. உச்சியில் கொடிகள் பின்னிக்கிடக்கும்போது ஒரு மரம் விழுந்தால் பக்கத்து மரத்தின் கிளையையும், சில சமயம் பக்கத்து மரத்தையே, இழுத்துக்கொண்டுதான் விழும். உங்கள் தோட்டத்தில் வெட்டாத மரங்களின் மிளகுக்கொடி உரிந்ததும் இதே காரணத்தால்தான் இருக்கும். ஆகவே அடுத்த ஆண்டு வெட்ட வேண்டிய மரங்களை இந்த ஆண்டே குறித்து, அவற்றின் உச்சியிலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிய காட்டுக்கொடிகளை அறுத்துவையுங்கள். வெட்டும் காலத்துக்குள் அவை காய்ந்து உதிர்ந்துவிடும்.

காப்பிக்கு வரும் சேதம் மரம் விழும் அன்றோடு முடிவதில்லை என்பதையும் கருத வேண்டும். அராபிகாவைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு நல்ல வெயிலில்தான் ஓடியாடி முட்டையிடும். அடுத்தடுத்து நின்ற நான்கைந்து நிழல் மரங்களை ஒரே ஆண்டில் எடுத்துவிட்டால், அந்தத் திறப்பில் முறியாமல் தப்பிய செடிகளும் துளைப்பானுக்கு இரையாகலாம். ஓரிடத்தில் ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று என்று பரவலாக எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகளில் சுற்றுவதே முறை. எட்டுத் தோட்டங்கள் சேர்ந்திருக்கிறீர்கள் என்பது இதற்கு வசதியானது. ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சில மரங்கள் மட்டும் கொடுத்தாலும் வியாபாரிக்கு ஒரு லாரிப் பாரம் சேரும். நிழல் அளவைப் பற்றித் தாண்டிக்குடியிலேயே உள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்கலாம். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதியை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறீர்கள் என்பதால் அதை விரிக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: கீழ்ப்பழனி விவசாயி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுக் காலை நாங்கள் நால்வர், காயம்பட்ட அந்த இளைஞரையும் அழைத்துக்கொண்டு, அடிக்கட்டைகளைப் பார்த்துவந்தோம். அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான் என்பது பிறகுதான் தெரியவந்தது. 22 கட்டைகளில் ஒன்பதில் கீலே இல்லை. ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை ரம்பத்தின் தடம் ஒரே வழவழப்பாக ஓடியிருக்கிறது. ஏழில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் நார் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிளந்த மரத்தின் கட்டையில் வாய்வெட்டின் ஆழம் நான்கு விரற்கடைகூட இல்லை. அந்த இளைஞர் குனிந்து அந்த வாய்க்குள் விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எங்கள் பயிற்சிக்குத் தானும் வருவதாகச் சொன்னார். தோள் முழுவதும் குணமாகும் வரை ரம்பம் பிடிக்க வேண்டாம், அளவுநாடா பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

ஏற்காட்டு அக்கா எழுதியபடி நாள் கூலி முறைக்கு எட்டுத் தோட்டக்காரர்களில் ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். மற்ற இருவர் கையில் உடனே பணம் வேண்டும் என்பதால் நின்ற மரமாகவே விற்பார்கள். அவர்களுக்குச் முறியும் செடிக்கான விலைக்கழிவை மட்டும் எழுதி வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. நேராக நிற்கும் மரம் பின்வெட்டு முடிந்தும் அசையாமல் ரம்பத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? விழும் மரம் இன்னொரு மரத்தில் போய்ச் சாய்ந்து சிக்கிக்கொண்டால் எப்படி இறக்குவது? கஜா புயலுக்குப் பிறகு, 2018இல், சாய்ந்து சிக்கிய ஒரு மரத்தைத் தாங்கி நின்ற மரத்தை வெட்டித்தான் இறக்கினோம். அன்று எல்லாரும் தப்பியது எங்கள் நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுமொழி 4: கூடலூர் மேற்பார்வையாளர்

அய்யா, ஆசிரியர் அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். குத்திச் செலுத்தும் வெட்டை முதல் ஆண்டில் வைக்க வேண்டாம். என் ஆட்கள் அதைப் பழகியது என் கண் முன்னால், ஒரு மழைக்காலம் முழுவதும். அதை மறந்து எழுதிவிட்டேன்.

சிக்கிய மரத்தைத் தாங்கும் மரத்தை வெட்டுவது, என் அனுபவத்தில், இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும் வழிகளில் முதன்மையானது. சிக்கிய மரத்தின் மேல் ஏறுவதும், அதன் அடியில் நடப்பதும், அதன் மேல் இன்னொரு மரத்தைத் தள்ளி இறக்கப் பார்ப்பதும் அதற்கு அடுத்தவை. செய்யக்கூடியது, அடிமரத்தில் சங்கிலி கட்டி நீண்ட கடப்பாரையால் தண்டை உருட்டிப் பார்ப்பது. அதற்கும் இறங்காவிட்டால், நல்ல கயிறும் கப்பியும் கொண்டு, மரத்தின் உயரத்துக்கு மேற்பட்ட தூரத்தில் நின்று அடிமரத்தைப் பின்னோக்கி இழுப்பது. இழுப்பவர்கள் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு முடியவில்லையென்றால், சுற்றிலும் கயிறு கட்டி யாரும் உள்ளே போகாதபடி தடுத்துவிட்டு, மறுநாள் கூடுதல் ஆளோடு வாருங்கள்.

அசையாத மரத்துக்கு ஆப்புதான் மருந்து. பின்வெட்டு பாதி உள்ளே போனதுமே, பாருக்குப் பின்னால் இடம் கிடைத்தவுடன், இரண்டு ஆப்புகளைச் சற்று இடைவெளிவிட்டுச் செருகிவிடுங்கள். மரம் உட்கார்ந்த பிறகு செருக முடியாது. பிறகு கீல் அளவுக்கு வெட்டை முடித்துவிட்டு, ரம்பத்தை வெளியே எடுத்து, மாறி மாறித் தட்டினால் மரம் மெல்ல முன்னால் நகரும். கீலை மெலியவைத்து மரத்தை விழவைக்கப் பார்க்கக் கூடாது, ஆப்பை மட்டுமே நம்ப வேண்டும். தட்டும்போது கண் உச்சியில் இருக்கட்டும், ஏனெனில் அதிர்வில் காய்ந்த கொப்பு விழும். தலைக்கவசம் அப்போதுதான் மிகவும் தேவைப்படும்.

இரும்பு ஆப்பு வேண்டாம். செயின் பட்டால் பல் போகும், தெறித்தால் கண் போகும். கடையில் பிளாஸ்டிக் ஆப்பு கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு, அடியில் ஒன்றரை அங்குலமும் நுனியில் கத்தி முனையுமாக இழைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கட்டையில் செய்தால் இரண்டு தட்டுத் தட்டியதுமே நுனி நசுங்கிவிடும். ஒரு மரத்துக்கு இரண்டு போதும் என்றாலும் இடுப்புப் பையில் நான்கு இருக்கட்டும். மிளகுக்கொடிக்குள் விழுந்த ஆப்பை அன்றைக்குத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் குறைவு.